ஆடியா, தகடா, எரிவாயுவா? ஓமன் எண்ணெய் வயலில் ஒரு வெயில் கணக்கு

மஸ்கட்டிலிருந்து சலாலாவுக்குத் தெற்கே ஓடும் நெடுஞ்சாலை ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் நீளம். அதன் தென்பாதியில், சாலையை விட்டு உள்ளொதுங்கிய பாலைவெளியில் அமல், அமீன், நிம்ர், மர்மூல் என்று எண்ணெய் வயல்கள் கிடக்கின்றன. பெட்ரோலியம் டெவலப்மென்ட் ஓமன், சுருக்கமாக பி.டி.ஓ., அவற்றை நடத்துகிறது. அதில் 60 சதவீதம் ஓமன் அரசுடையது, 34 சதவீதம் ஷெல்லுடையது.

இந்தக் கம்பெனி வெயிலை இரண்டு விதமாகக் கட்டி மேய்த்திருக்கிறது. அமலில் ஆடிகளை வைத்து நீராவி எடுத்தார்கள். அமீனில் சோலார் தகடுகளைப் பரப்பி மின்சாரம் எடுத்தார்கள். முதல் திட்டத்தை அறிவித்தது 2015-இல். இரண்டாவது ஓடத் தொடங்கியது 2020-இல். கம்பெனி ஒன்று, வெயில் ஒன்று, இடைவெளி ஐந்தே ஆண்டு. எண்ணெய்க் கம்பெனி தன் சொந்தத் தேவைக்கு வெயிலைப் பிடிப்பதென்றால் எந்த வழியில் பிடிப்பது என்று ஒருவர் கேட்டால், இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

(ஆடி என்று சொல்வது முகம் பார்க்கும் கண்ணாடியை. அமலில் அந்த ஆடிகள் கண்ணாடிக் கூடத்துக்குள் இருக்கின்றன. இரண்டையும் கண்ணாடி என்றே எழுதினால் வாசிப்பவர் தலை சுற்றும் என்பதால் பழைய சொல்லைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டேன்.)

முதலில் ஒரு நியாயமான சந்தேகம். எண்ணெயும் எரிவாயுவும் காலடியில் இருக்கிறவர்கள் எதற்கு வானத்தைப் பார்க்க வேண்டும்? வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்?

எண்ணெய் எடுப்பது இளநீர் சீவுவது போன்ற வேலை இல்லை. எடுக்கும் வேலையே ஏகப்பட்ட ஆற்றலைத் தின்னும். ஓமனின் முதிர்ந்த வயல்களில் ஒரு பீப்பாய் எண்ணெய் வந்தால் கூடவே பத்துப் பீப்பாய் அளவுக்குத் தண்ணீரும் மேலே வருகிறது. அதை ஏற்ற வேண்டும், பிரிக்க வேண்டும், மறுபடி பூமிக்குள் அழுத்த வேண்டும். எல்லாவற்றுக்கும் பம்ப், பம்ப்புக்கு மின்சாரம், மின்சாரத்துக்கு எரிவாயு டர்பைன்.

அமல் மாதிரி வயல்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. அங்கே உள்ள எண்ணெய் கெட்டி. ஆறிப்போன கருப்பட்டிப் பாகை நினைத்துக்கொள்ளுங்கள். பானையைச் சாய்த்தாலும் வராது, சூடு காட்டினால் இளகி ஓடும். அதனால் பெரிய பெரிய பாய்லர்களில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, நீராவியைக் கிணறு வழியாகப் பாறைக்குள் செலுத்துகிறார்கள். அந்த பாய்லர்களும் எரிவாயுவில்தான் எரிகின்றன. ஓமன் பயன்படுத்தும் எரிவாயுவில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு இப்படி எண்ணெயைக் கிளப்பும் வேலைக்கே போகிறது என்று அந்தக் காலத்தில் கணக்குச் சொன்னார்கள்.

அந்த எரிவாயுவுக்கு வேறு வாடிக்கையாளர்களும் வரிசையில் நின்றார்கள். சூர் நகருக்கு அருகே கல்ஹாத்தில் 2000-ஆம் ஆண்டிலிருந்து எரிவாயுவைக் குளிர்வித்துத் திரவமாக்கிக் கப்பலேற்றுகிறார்கள். தென்கொரியாவும் ஜப்பானும் வாங்கின. உள்நாட்டில் மின் நிலையங்களும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளும் கேட்டன. ஒரு கட்டத்தில் ஓமனே டால்ஃபின் குழாய் வழியாகக் கத்தாரிடமிருந்து எரிவாயு வாங்க வேண்டி வந்தது. சொந்தமாக விற்பனைக்கு வைத்திருக்கும் சரக்கை வெளியில் வாங்கிக்கொண்டே, அதே சரக்கைக் கொளுத்தித் தண்ணீர் காய்ச்சுகிற நிலை. ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்று யாருக்காவது தோன்றியே ஆக வேண்டும்.

ஆக, அளவுகோல் எரிவாயுதான். கார்பனைக் குறைத்தோம், பசுமையானோம் என்று ஆண்டறிக்கையில் எழுதிக்கொள்வது பிறகு. எவ்வளவு எரிவாயு மிச்சமாகும், அதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதே கேள்வி. இதை மனத்தில் வைத்துக்கொண்டு இரண்டு இடத்தையும் பார்க்கலாம்.

அமல்: கூடத்துக்குள் தொங்கும் ஆடி

வெயிலில் வற்றல் காயவைக்க மொட்டை மாடி போதும். கூரையில் தகடு மாட்டி, மின்சாரம் எடுத்து, அந்த மின்சாரத்தில் அடுப்பு மூட்டி வற்றல் காயவைப்பவர் யாரும் இல்லை. தேவை வெப்பம் என்றால் வெயிலை வெப்பமாகவே எடுத்துக்கொள்வதுதான் முறை. அமல் திட்டத்தின் அடிப்படை இந்த எளிய நியாயம்.

கிளாஸ்பாயின்ட் என்ற கம்பெனி அதை அங்கே செய்து காட்டியது. 2013-இல் 7 மெகாவாட் வெப்பத் திறனில் ஒரு சோதனை அமைப்பு; நாளுக்கு சராசரி 50 டன் நீராவி. அது சொன்னபடி ஓடியதால் 2015 ஜூலையில் மிராஹ் திட்டம் அறிவிக்கப்பட்டது. மிராஹ் என்றால் அரபியில் ஆடி. 36 கண்ணாடிக் கூடங்கள், 1,021 மெகாவாட் வெப்பம், நாளுக்கு 6,000 டன் நீராவி, 3 சதுர கிலோமீட்டர் நிலம், 60 கோடி டாலர் செலவு. முழுதாக முடிந்தால் ஆண்டுக்கு 5.6 டிரில்லியன் பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) எரிவாயு மிச்சமாகும், 3 லட்சம் டன் கார்பன் டை ஆக்சைடு குறையும் என்பது அறிவிப்பு.

கூடத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். இந்தத் திட்டத்தின் அழகே அதில்தான். வெயிலைக் குவிக்கும் ஆடிகள் பரவளைய வடிவில் நீண்ட தொட்டி மாதிரி இருக்கும். குவிகிற கோட்டில் ஒரு குழாய் ஓடும். ஒரு முனையில் தண்ணீர் நுழைந்து, மறுமுனையில் நீராவியாக வெளியே வரும். திறந்தவெளியில் இந்த ஆடிகளை நிறுத்தினால் பாலைவனக் காற்றைத் தாங்க தடித்த கண்ணாடி, எஃகுச் சட்டம், கான்கிரீட் அடித்தளம் எல்லாம் வேண்டும். மணல் வேறு ஆடியைத் தேய்த்துவிடும். கிளாஸ்பாயின்ட் என்ன செய்தது என்றால், தக்காளியும் வெள்ளரியும் வளர்க்கும் கண்ணாடிப் பண்ணைக் கூடத்தை அப்படியே கொண்டுவந்து நிறுத்தியது. உள்ளே காற்று வீசாது. வீசாததால் ஆடி தாளைப் போல மெல்லியதாக இருந்தால் போதும். கூரையிலிருந்து கம்பியில் ஊஞ்சல் போலக் கட்டித் தொங்கவிட்டார்கள். கம்பியை இழுத்துத் தளர்த்தினால் ஆடி சூரியனைப் பின்தொடரும். புழுதியெல்லாம் கூடத்தின் கூரையில்தான் படியும். அதைக் கழுவ ஒரு தானியங்கி வண்டி இரவில் கூரைமேல் ஊர்ந்து போகும், கழுவிய தண்ணீரின் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். தண்ணீரிலும் ஒரு சாமர்த்தியம். எண்ணெய் வயல் பாய்லர்கள் குடிக்கும் அதே சுமாரான தண்ணீரை இந்தக் குழாய்களும் ஏற்றுக்கொள்ளும். வெளிவரும் நீராவியும், பாய்லரில் பிறந்த நீராவியும் ஒரே குழாயில் கலந்து கிணற்றுக்குப் போகும். எது எதிலிருந்து வந்தது என்று பாறைக்குத் தெரியாது.

இரவில்? இரவில் பாய்லர் எரியும். பகலில் அதிகமாகவும் இரவில் குறைவாகவும் நீராவி விட்டால் எண்ணெய்க்கு ஏதாவது ஆகுமா என்ற கவலை ஆரம்பத்தில் இருந்தது. நிலத்தடிப் பாறை அவ்வளவு சீக்கிரம் சூடாவதும் இல்லை, ஆறுவதும் இல்லை. மாதக்கணக்கில் எவ்வளவு வெப்பம் உள்ளே போனது என்பதுதான் அதற்குக் கணக்கு. அந்த வகையில் பூமியே சேமிப்புத் தொட்டியாகிவிடுகிறது. பேட்டரிச் செலவு இல்லை. பொறியாளர் என்ற முறையில் யாரும் இந்தத் திட்டத்தின்மேல் காதல் கொள்ளாமல் இருக்க முடியாது. அதுதான் அதன் ஆபத்தும்.

அமீன்: பரந்து கிடக்கும் தகடு

அமீனில் சொல்வதற்கு அவ்வளவு கதை இல்லை. 4 சதுர கிலோமீட்டர் நிலத்தில் 3.3 லட்சத்துக்கும் மேற்பட்ட தகடுகள். 100 மெகாவாட். 2020 மே மாதம் ஓடத் தொடங்கியது. ஜப்பானின் மருபேனி தலைமையிலான கூட்டணி கட்டி, சொந்தமாக வைத்துக்கொண்டு, 23 ஆண்டு ஒப்பந்தத்தில் பி.டி.ஓ.வுக்கு மின்சாரம் விற்கிறது. இந்த அளவில் ஒரு சோலார் நிலையத்தின் மின்சாரம் முழுவதையும் ஒரே ஓர் எண்ணெய்க் கம்பெனி வாங்கிக்கொள்வது உலகில் அதுவே முதல்முறை. மொத்த முதலீடு 10 கோடி டாலருக்குள் அடங்கியது. ஆண்டுக்கு 2.25 லட்சம் டன் கார்பன் டை ஆக்சைடு குறையும் என்றார்கள்.

தகட்டுக்கும் பாலைவனம் சுகவாசம் இல்லை. தகட்டின் மேற்பரப்பு 65, 70 டிகிரியைத் தொடும்போது திறன் குறையும். 25 டிகிரிக்குமேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை போய்விடும். அரபிக்கடல் பக்கமிருந்து விடியற்காலையில் ஈரம் ஏறும் நாட்களில் தகட்டின்மேல் பனித்துளி இறங்கும். அதற்கு முந்தைய மாலை படிந்த புழுதி அந்தத் துளியில் குழைந்து, வெயில் ஏறியதும் காய்ந்து, கூழ் காய்ந்த பாத்திரம் போல ஒட்டிக்கொள்ளும். வெறும் காற்றடித்து அதை நீக்க முடியாது, தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். ஆனால் ஒரு விஷயத்தில் தகடு ஆடியைவிடப் பொறுமைசாலி. வானத்தில் புழுதி மண்டி வெயில் மங்கிச் சிதறும் நாளில் ஆடியால் குவிக்க முடியாது. அதற்கு நேராக வரும் கதிர் வேண்டும். தகடு சிதறிய வெளிச்சத்தையும் வாங்கிக்கொண்டு, குறைவாக என்றாலும், வேலை செய்துகொண்டே இருக்கும்.

எரிவாயுவில் அளந்தால்

ஆடி ஆதரவாளர்கள் எப்போதும் எடுக்கும் முதல் ஆயுதம் திறன். தன்மேல் விழும் நேர்க்கதிரில் பாதிக்கு மேல் ஆடி வெப்பமாக்கிவிடும். தகடு ஐந்தில் ஒரு பங்கை மட்டுமே மின்சாரமாக்கும். கேட்டவுடன் வாதம் முடிந்துவிட்டதாகத் தோன்றும்.

முடியவில்லை. நம் அளவுகோல் எரிவாயு அல்லவா? ஆடி தரும் 1 அலகு வெப்பத்தை பாய்லரில் உண்டாக்க ஏறத்தாழ 1.2 அலகு எரிவாயு போதும். பாய்லர் நல்ல வேலைக்காரன், அதிகம் வீணாக்காது. தகடு தரும் 1 அலகு மின்சாரத்தை உண்டாக்க, தனிச்சுற்றில் ஓடும் டர்பைனுக்குச் சுமார் 3 அலகு எரிவாயு வேண்டும், மூன்றில் இரண்டு பங்கு புகைபோக்கி வழியாகச் சூடாகவே போய்விடுகிறது. இப்போது பெருக்கிப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் ஆடியும் ஒரு சதுர மீட்டர் தகடும் மிச்சப்படுத்தும் எரிவாயு ஏறக்குறைய ஒன்றாகிவிடுகிறது. ஆடியின் மும்மடங்கு மேன்மை எங்கே போனது? அது பாய்லரின் நல்ல குணத்தில் கரைந்துவிட்டது. மோசமான இயந்திரத்துக்கு மாற்றாக வருகிறவருக்குத்தான் மதிப்பு அதிகம், அலுவலகங்களிலும் பார்த்திருப்பீர்கள்.

வயலின் மின்சாரம் தனிச்சுற்று டர்பைனில் பிறக்காமல், கழிவு வெப்பத்தையும் பயன்படுத்தும் கூட்டுச்சுற்று நிலையத்தில் பிறந்தால் இந்த 3 என்பது 2 ஆகும். அப்போது ஆடி முந்தும். ஆகையால் இந்த ஒப்பீட்டைச் செய்ய உட்காருகிறவர் முதலில் போய்ப் பார்க்க வேண்டியது வெயில் வரைபடத்தை அல்ல, தன் டர்பைன் கொட்டகையை.

பணக் கணக்கு இன்னும் கடுமையானது. அறிவித்த எண்களையே எடுத்துக்கொள்வோம். மிராஹ்: ஆண்டுக்கு ஒரு டன் கார்பன் டை ஆக்சைடைக் குறைக்க 2,000 டாலர் முதலீடு. அமீன்: 450 டாலருக்குள். ஒன்று 2015-ன் விலை, மற்றது 2019-ன் விலை; இரண்டும் அறிவிப்பு எண்கள்; ஆகவே இதைத் தராசுத் தங்கம் போல நிறுக்கக் கூடாது. இருந்தாலும் நாலு மடங்கு வித்தியாசத்தை எந்த அடிக்குறிப்பும் விழுங்கிவிட முடியாது. இந்த வித்தியாசம் ஆடி செய்தவர்களின் தவறால் வந்ததல்ல. 2010-க்குப் பின் பத்தாண்டில் தகட்டின் விலை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காக விழுந்தது. உலகமெல்லாம் வீட்டுக்கூரை, வயல், ஏரி என்று மாட்டுகிறார்கள். சீனத் தொழிற்சாலைகள் அப்பளம் போல வார்க்கின்றன. கூடத்துக்குள் தொங்கும் ஆடிக்கு உலகில் வாடிக்கையாளர் விரல்விட்டு எண்ணும் அளவு. செய்யச் செய்யத்தான் விலை இறங்கும். செய்யும் வாய்ப்பே அதற்கு வரவில்லை.

இங்கே ஒருவர் மறிப்பார்: தகட்டால் நீராவி தர முடியாதே, இரண்டையும் எப்படி ஒரே தராசில் வைப்பது? உண்மைதான், அமல் பாறைக்குள் மின்சாரத்தை ஊற்ற முடியாது. ஆனால் கம்பெனியின் எரிவாயுக் குழாய் ஒன்றுதான். டர்பைனில் மிச்சமானாலும் பாய்லரில் மிச்சமானாலும் அதே எரிவாயு. கையில் ஒரு தொகை இருக்கிறது, அதை எங்கே போட்டால் அதிகம் மிச்சமாகும் என்று பார்க்கும்போது, முதலில் மின்சாரப் பக்கத்தை முடித்துவிட்டு அப்புறம் நீராவிப் பக்கம் வா என்றுதான் எண்கள் சொல்கின்றன. தகட்டு மின்சாரத்தைக் கொண்டே தண்ணீர் காய்ச்சலாமா என்றும் கேட்கிறார்கள். அப்போது டர்பைன் தரும் மூன்று மடங்கு ஆதாயம் போய்விடும். மின்சாரத்தை நேராக அடுப்பில் போட்ட கதை. நண்பகலில் வாங்க ஆளில்லாமல் உபரியாகும் மின்சாரத்துக்கு மட்டும் அது சரி.

மத்தளத்தின் இரண்டு பக்கம்

எண்களைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அமல் நீராவிக்கு அமலைத் தவிர வேறு வாடிக்கையாளர் கிடையாது. அதை 100 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விற்க முடியாது, குழாயிலேயே ஆறிவிடும். அமீன் மின்சாரம் அப்படியில்லை. பி.டி.ஓ.வின் கம்பிவடத்தில் ஏறி, அது போகும் எந்த வயலுக்கும் போகும். ஒரு வயல் வற்றினால் அடுத்த வயல் எடுத்துக்கொள்ளும்.

உரலுக்கு ஒரு பக்கம் இடி. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. ஆடித் திட்டம் மத்தளம். எண்ணெய் விலை விழுந்தால் கெட்டி எண்ணெயைக் கிளப்புவதே கட்டுப்படியாகாது. நீராவி யாருக்கு வேண்டும்? எரிவாயு பெருகினால் பாய்லருக்கே தீனி கிடைத்துவிடும், ஆடி எதற்கு? இரண்டு இடியும் விழுந்தன. 2014 நடுவில் 110 டாலரைத் தாண்டியிருந்த பீப்பாய் விலை, 2016 ஜனவரியில் 30-க்குக் கீழே போனது. 2017 செப்டம்பரில், பி.பி. என்ற பிரிட்டிஷ் எண்ணெய்க் கம்பெனி ஓமனில் நடத்தும் கஸ்ஸான் வயலிலிருந்து எரிவாயு வரத் தொடங்கியது. முதல் கட்டத்திலேயே நாளுக்கு 100 கோடி கன அடி. எந்தப் பற்றாக்குறையைக் காட்டி மிராஹ் நியாயப்படுத்தப்பட்டதோ அந்தப் பற்றாக்குறை, மிராஹ் தன் முதல் நீராவியை விட்ட அதே ஆண்டில் தளர்ந்துவிட்டது. 36 கூடங்களில் 12 எழுந்தன. 330 மெகாவாட் வெப்பத்தோடு நின்றது. 2020 ஏப்ரல் 20-ஆம் தேதி அமெரிக்கச் சந்தையில் எண்ணெய் விலை பூஜ்யத்துக்கும் கீழே போன அதிசயத்தைப் பார்த்தோம். அடுத்த மாதமே கிளாஸ்பாயின்ட் கலைப்புக்குப் போனது. அதே மே மாதத்தில்தான் அமீன் தகடுகள் மின்சாரம் விடத் தொடங்கின. நாவலில் எழுதினால் செயற்கை என்பார்கள்.

கிளாஸ்பாயின்டின் நிறுவனர் பின்னர் அதே பெயரில் மறுபடி கடை திறந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். இம்முறை வாடிக்கையாளர் எண்ணெய்க் கம்பெனி அல்ல. சவுதியின் மஅதின், அலுமினியத் தாதுவைச் சுத்திகரிக்க நீராவி தேவைப்படும் சுரங்கக் கம்பெனி. ஆடியின் மேல் குறையில்லை, சம்பந்தம் பேசிய இடம்தான் சரியில்லை என்று அவர் முடிவுக்கு வந்திருப்பார் போலிருக்கிறது. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

ஓமனுக்கு மட்டும் நேர்ந்ததல்ல இது. கலிஃபோர்னியாவில் ஆர்கோ என்ற எண்ணெய்க் கம்பெனி 1983-லேயே டாஃப்ட் அருகே 1 மெகாவாட் ஆடி நீராவியைச் சோதித்தது. 2011-இல் செவ்ரான் கோலிங்காவில் 29 மெகாவாட் வெப்பத்துக்குக் கோபுரமும் சுற்றிலும் 7,600 ஆடிகளும் நிறுத்தியது. கட்டிக்கொடுத்தவர்களுக்குக் கை கடித்தது. 2017-இல் பெல்ரிட்ஜ் வயலில் ஏரா கம்பெனிக்காக 850 மெகாவாட் வெப்பம் என்று பெரிதாக அறிவித்தார்கள், எழவே இல்லை. 2020-இல் அதே செவ்ரான், அதே மாநிலத்தில், லாஸ்ட் ஹில்ஸ் வயலில் சோலார் வைத்தது. இம்முறை தகடு. அளவு? மறுபடியும் 29 மெகாவாட். ஆனால் இது மின்சாரம்.

தகட்டுக்கு எண்ணெய் வயல் அந்நியம் இல்லை என்பதையும் பலர் மறந்துவிட்டார்கள். 1973-இல் எக்ஸான் எண்ணெய்க் கம்பெனியின் பணத்தில் எலியட் பெர்மன் தொடங்கிய சோலார் பவர் கார்ப்பரேஷன்தான், வாட்டுக்கு 100 டாலர் விற்ற தகட்டை 20 டாலருக்கு இறக்கியது. அதன் முதல் நல்ல வாடிக்கையாளர்களில் மெக்சிகோ வளைகுடாவின் எண்ணெய் மேடைகளும் உண்டு. கப்பல் மோதாமலிருக்க அவற்றில் எச்சரிக்கை விளக்கும் சங்கும் இரவெல்லாம் இயங்க வேண்டும். பேட்டரி தீர்ந்தால் படகிலோ ஹெலிகாப்டரிலோ போய் மாற்ற வேண்டும். அந்தச் செலவுக்கு விலை உயர்ந்த தகடே மலிவு. இன்றும் குழாய்கள் துருப்பிடிக்காமலிருக்கச் சிறு மின்னோட்டம் கொடுக்கும் வேலையை ஆளில்லாப் பாலைவெளிகளில் ஒற்றைத் தகடு செய்துகொண்டிருக்கிறது. கம்பிவடம் எட்டாத அந்த மாதிரி இடங்களுக்கு ஒப்பீடே தேவையில்லை.

கையெழுத்து போடும் முன்

சரி, முடிவெடுக்கும் நாற்காலியில் நீங்கள் இருந்தால்? மின்சாரத் தேவை பெரிது, பழைய டர்பைன்கள் ஓடுகின்றன, நிலம் சும்மா கிடக்கிறது என்றால் தகடுதான். சொந்த முதல் போடாமல், அடுத்தவரைக் கட்டச் சொல்லி யூனிட்டுக்கு விலை பேசுங்கள். எண்ணெய் எடுப்பது உங்கள் தொழில்; தகடு துடைப்பது அவர்கள் தொழில். பகல் தேவைக்கு மேல் ஒரு மெகாவாட்கூடக் கூட்டாதீர்கள், வெளி மின்கட்டமைப்போடு இணைப்பு இருந்தால் ஒழிய.

ஆடிக்கும் ஒரு காலம் உண்டு. எரிவாயுவை இறக்குமதி செய்து பாய்லரில் போடும் நாடாக இருக்க வேண்டும். வயலுக்கு இன்னும் 25 ஆண்டு ஆயுள் இருக்க வேண்டும். வானம் தெளிவாக இருக்க வேண்டும். மூன்றும் ஒன்றாக அமைந்தால் ஆடி வெல்லும். இரண்டு அமைந்து ஒன்று இல்லாவிட்டால் நான் கையெழுத்து போட மாட்டேன்.

எரிவாயுவே போதும் என்று இருப்பதும் ஒரு தேர்வுதான். பெரும்பாலான கம்பெனிகள் இன்றும் சத்தமில்லாமல் அதைத்தான் தேர்ந்தெடுக்கின்றன. மிச்சப்படுத்திய எரிவாயுவை வாங்க ஆளில்லாத வயலில், குழாய் போடாமல் வீணாகக் கொளுத்திவிடும் இடத்தில், சோலார் போட்டு என்ன மிச்சம்? அங்கே முதல் வேலை அந்தச் சுவாலையை அணைப்பது.

பட்டியலில் யாரும் சேர்க்காத இன்னொரு வழியை பி.டி.ஓ.வே நிம்ரில் செய்திருக்கிறது. எண்ணெயோடு வரும் அழுக்குத் தண்ணீரை ஆழ்துளைகளில் அழுத்தித் தள்ள எக்கச்சக்கமாக மின்சாரம் செலவாகிக்கொண்டிருந்தது. அதில் ஒரு பகுதியை நிறுத்திவிட்டு, சரிவான நிலத்தில் நாணல் வளர்த்து, தண்ணீரை அதன் வழியாகத் தானாக இறங்கி ஓடவிட்டார்கள். நூற்றுக்கணக்கான ஹெக்டேரில் நாணல்காடு. வேரில் எண்ணெய்ப் பிசுக்கை நுண்ணுயிர்கள் தின்கின்றன. வலசை போகும் பறவைகள் இறங்குகின்றன. பம்ப்புக்குச் சோலார் போடலாமா என்று யோசிப்பதற்கு முன் பம்ப்பே வேண்டுமா என்று யோசித்தவர் யாரோ, அவருக்கு என் வணக்கம்.

இதையெல்லாம் செய்து எண்ணெய் ‘பசுமை’ ஆகிவிடுமா என்றால், ஆகாது. ஒரு பீப்பாய் எண்ணெயை எரித்தால் சுமார் 430 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியே வரும். வயலில் ஆடியும் தகடும் குறைப்பது அந்தப் பீப்பாய் வெளியே வருவதற்கு முன் ஆன புகையை மட்டும். மிச்சமான எரிவாயுவும் கல்ஹாத்தில் கப்பலேறி வேறொரு நாட்டு அடுப்பில் எரியத்தான் போகிறது. அங்கே அது நிலக்கரிக்குப் பதிலாக எரிந்தால் கொஞ்சம் லாபம், அவ்வளவே. எனவே இந்தத் திட்டங்களைச் செலவுக் குறைப்பாகவே பார்க்கிறேன். அப்படிப் பார்க்கிறவர்கள்தான் சரியாகவும் தேர்ந்தெடுக்கிறார்கள். விளம்பரப் பலகைக்காகத் தேர்ந்தெடுக்கிறவர்களுக்கு அழகான தொழில்நுட்பம் கண்ணைக் கட்டிவிடும்.

மிஞ்சியிருப்பது இரவு. தகடு உறங்கும் நேரத்தில் டர்பைன் எரிந்தே ஆக வேண்டும் என்று இருந்த நிலைக்கு இப்போது காற்று பதில் சொல்ல வருகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை சலாலா மலைகளைப் பச்சையாக்கும் பருவக்காற்று, மலைக்கு அப்பால் பாலைவெளியில் மழையில்லாமல் வெறும் வேகமாக வீசும். சூரியன் மறைந்த பிறகும் அது ஓய்வதில்லை. ஹர்வீல் வயல் பக்கம் 2019-இல் 13 காற்றாலைகள் சுழலத் தொடங்கின, 50 மெகாவாட். 2024 டிசம்பரில் டோட்டல் எனர்ஜிஸும் ஓமனின் ஓ.க்யூ. குழுமமும் பி.டி.ஓ.வுக்கு மின்சாரம் தர ஒப்பந்தம் போட்டன: வடக்கே 100 மெகாவாட் தகடு, தெற்கே தலா 100 மெகாவாட்டில் இரண்டு காற்றாலைப் பண்ணைகள். பண்ணைகளுக்குப் பெயர் ரியாஹ், அரபியில் காற்று. அவற்றில் ஒன்று அமீனில், தகடுகள் இருக்கும் அதே வயலில் வருகிறது. இந்த ஒப்பந்தத்தில் ஆடி இல்லை.